நாலாம் நாள் வந்தவன்

கணவர் மௌத்தாகி றாபியா ராத்தா இத்தா இருக்கத் தொடங்கி ஐம்பத்து மூன்றாம் நாள், நிர்வாக சபைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் என் மேசைக்கு வந்தது. தலைவர் ஸலாஹுதீன் சேர் அதை ஒரு பழைய கடித உறையின் பின்பக்கத்தில் எழுதி அனுப்பியிருந்தார். நான் தட்டச்சு செய்ய வேண்டும். நான்காவது விடயம்: தொண்டர் இணைப்பாளர் பதவிக்கு வேறு ஒருவரை நியமித்தல்.

அந்தப் பதவியில் இருப்பவர் றாபியா ராத்தா. நான் தட்டச்சு செய்தேன். ஐந்து பிரதி எடுத்தேன். நிர்வாக சபையில் ஐந்து பேர்.

எங்களுடையது சிறிய சங்கம். படுக்கையை விட்டு எழும்ப முடியாத நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்க்கிறோம். புண் கழுவுவது, புரட்டிப் படுக்கவைப்பது, குளிப்பாட்டுவது, வீட்டாருக்கு அதையெல்லாம் பழக்குவது. மருதமுனையிலிருந்து காரைதீவு வரைக்கும் நாற்பத்தொரு நோயாளிகள். கல்முனை பிரதான வீதியில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இரண்டு அறைகள். சம்பளம் எடுப்பவர்கள் மூவர்தான்: முகாமையாளர் நான், தொண்டர் இணைப்பாளர் றாபியா ராத்தா, ஒரு தாதி. மற்ற இருபத்தெட்டுப் பேரும் தொண்டர்கள்.

தொண்டர்களை நிர்வகிப்பது பற்றிப் பல்கலைக்கழகத்தில் எனக்கு ஒரு பாடம் இருந்தது. நல்ல புள்ளி எடுத்தேன். பெண் தொண்டர் தனியே போக மாட்டார், இரண்டு பேராகப் போட வேண்டும், அந்த இரண்டு பேருக்கும் இடையில் காணி வழக்கு இருக்கக் கூடாது என்று அந்தப் பாடத்தில் இருக்கவில்லை. வேளாண்மை வெட்டுக்காலத்தில் சொறிக்கல்முனைக்காரர் வர மாட்டார்கள். வெள்ளிக்கிழமைப் பகலில் முஸ்லிம் ஆண்கள் இல்லை. அன்றைக்குப் பாண்டிருப்புக்காரரைப் போடலாம், ஆனால் கோயில் திருவிழாக் காலமாக இருந்தால் அதுவும் இல்லை. வேலை தேடும் பட்டதாரிகள் சான்றிதழ் கிடைத்த அடுத்த நாள் தொலைபேசியை எடுக்க மாட்டார்கள். நற்பிட்டிமுனையில் ஒரு நோயாளியின் மாமியார் மீசை வைத்த ஆண்களை வீட்டுக்குள் விடுவதில்லை. ஏன் என்று யாருக்கும் தெரியாது.

இதெல்லாம் றாபியா ராத்தாவின் தலைக்குள் இருந்தது. ஒவ்வொரு நாளும் அதிகாலை ஸுபஹ் தொழுகைக்குப் பிறகு இருபத்தெட்டுப் பேருக்கும் தனித்தனியே வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புவார். ஒருவரைக் கெஞ்சுவார், ஒருவரை அதட்டுவார், ஒருவருடைய மகளின் பரீட்சையை விசாரிப்பார். ஏழு மணிக்குள் எல்லோரும் எங்கே போவது என்று தெரிந்துகொண்டிருப்பார்கள்.

ஜூன் மாதம் அவரது கணவர் மாரடைப்பில் மௌத்தானார். மருதமுனைக் கைத்தறிப் புடவைகளைக் கொழும்புக் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவர். இரண்டு பெண் பிள்ளைகள், இரண்டு பேரும் பள்ளிக்கூடம். கணவனை இழந்த பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள் இத்தா இருக்க வேண்டும். அந்த நாட்களில் வேலை விடயமாகத் தொலைபேசியில் ஆண்களோடு கதைக்கலாமா என்பதில் ஊரில் இரண்டு கருத்து. அவரது காக்கா, மூத்த சகோதரர், கூடாது என்ற பக்கம். குரல் பதிவுகள் நின்றன.

முதல் கிழமை பன்னிரண்டு வீடுகளுக்கு யாரும் போகவில்லை. இரண்டாம் கிழமை கனகேஸ்வரி அக்கா அலுவலகப் படியேறி வந்தார். பாண்டிருப்பு. ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் சிற்றூழியராக இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் தொண்டர்களில் மூத்தவர்.

"தம்பி, ஒரு கொப்பியும் பேனையும் தாங்க. நான் காலையில மருதமுனைக்குப் போய் அவள்ட வாயால கேட்டு எழுதிக்கு வாறன். பொம்புளைக்குப் பொம்புள கதைக்க அந்தக் காக்காவுக்கு என்ன நட்டம்?"

"வீட்டில ஒண்டும் சொல்லலயா?"

"நேத்துப் போய்க் கேட்டுப் பாத்தன். அவள்ட மாமிக்காரி கேட்டா, இவ ஆரு, சட்டம் என்னெண்டு. நான் சொன்னன், நான் செத்த வீட்டுக்கு வந்திட்டுக் கோயிலுக்குப் போறதெண்டா குளிச்சிட்டுத்தான் போகணும், எனக்குத்தான் கரைச்சல், உங்களுக்கென்ன எண்டு. சிரிச்சிட்டுத் தேத்தண்ணி தந்தா."

அதிலிருந்து ஒவ்வொரு நாளும் கனகேஸ்வரி அக்காவின் குரலில் பதிவுகள் போயின. "நிதர்சன், நீ சாய்ந்தமருதுக்குப் போகட்டாம். நேத்துப் போகாததுக்கு ராத்தா ஏசினவ. அந்த ஏச்ச நான் சொல்ல மாட்டன், என்ட வாய்க்கு அது சரிவராது. நீயே யோசிச்சுக்க." வீடுகளுக்கு மறுபடி ஒழுங்காக ஆள் போனது. நிர்வாக சபைக்கு இது தெரியாது. நான் சொல்லவில்லை. அப்போதெல்லாம் நான் எதையும் யாருக்கும் சொல்வதில்லை.

நிகழ்ச்சி நிரல் வந்த அன்று பின்னேரம் ஸலாஹுதீன் சேர் நேரில் வந்தார். ஓய்வுபெற்ற அதிபர். உட்காருவதற்கு முன் கதிரையின் கால்களை ஆட்டிப் பார்ப்பவர்.

"எனக்கு அந்தப் புள்ளயில ஒரு கோவமும் இல்ல, ஸஹீத். இத்தா அல்லாஹ்ட சட்டம். அதுல ஆரும் கை வெக்க ஏலா. ஆனா இன்னும் ரெண்டரை மாசம் இரிக்கி. அதோட இது வேற." அலுமாரியிலிருந்து, வீடுகளுக்குப் போய்வருவதை எழுதும் வருகைக் கொப்பியை எடுத்து, அடையாளம் வைத்திருந்த பக்கத்தைத் திறந்தார். "வருசாந்த அறிக்கைக்குப் பாத்துக்கிட்டு வந்தன். இதக் கண்டன்."

எனக்கு அந்தப் பக்கம் தெரியும். றாபியா ராத்தாவின் சாய்வான எழுத்து. சாய்ந்தமருது, அபுல் ஹஸன். பத்தொன்பது நாட்களாக யாரும் போகவில்லை. முதுகில் புண். அட்டவணை போட்டதில் என் பிழை. றாபியா.

"பத்தொம்பது நாள்," என்றார் சேர். "இடுப்புக்குக் கீழ ஏலாத மனிசன். இதச் செய்த ஆளுக்கு எப்பிடி நாலு மாசம் இடத்தக் காத்துக்கு இரிக்கிற? அந்த இடத்துக்கு றஸ்னாவப் போடுவம். நல்ல புள்ள. பட்டதாரி. என்ட மனுசிட தங்கச்சிட மகள் எண்டு நான் சொல்லல்ல, நீங்களே பாத்திரிக்கீங்க வேலைய."

றஸ்னா நல்ல தொண்டர்தான். அதை நான் மறுக்கவில்லை.

படியிறங்கும்போது சேர் என் தோளில் கை வைத்தார். "நீங்களும் கஸ்டப்பட்ட ஆள்தானே. எண்டாலும் நாலாம் நாள் வேலைக்கு வந்தீங்க. நான் எல்லா இடமும் சொல்றன். கடமை எண்டா அப்பிடி இரிக்கணும்."

நான் கொப்பியை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன்.

என் மனைவி ஜெனூபா சென்ற ஒக்டோபரில் மௌத்தானாள். மூளையில் இரத்தக் கசிவு. மூன்று நாள் ஆஸ்பத்திரி. இருபத்தேழு வயது. ஆண்களுக்கு இத்தா இல்லை. துக்கம் மூன்று நாள். நாலாம் நாள் காலையில் நான் அலுவலகத்தைத் திறந்தேன். வீட்டில் அவளுடைய ஷாம்பு போத்தல் பாதி இருந்தது. அலுவலகத்தில் அப்படி எதுவும் இல்லை. கடமை என்று சேர் சொன்னது இதைத்தான்.

அவள் மௌத்தாகி மூன்றாம் கிழமை, ஒரு செவ்வாய்க்கிழமை, வேலையாகச் சாய்ந்தமருதுக்குப் போயிருந்தபோது பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஜனாஸா அறிவித்தல் போனது. அபுல் ஹஸன் என்ற பெயரும் வீதியின் பெயரும் காதில் விழுந்தன. அதற்குப் பிறகு இன்னாரின் கணவர், இன்னாரின் வாப்பா, இன்ன நேரம் நல்லடக்கம் என்று சொல்வார்கள். நான் மோட்டார் சைக்கிளைக் கிளப்பிவிட்டேன். அந்த அறிவித்தல்களை முழுதாகக் கேட்க அப்போது என்னால் முடியவில்லை. அந்தப் பெயரில், அந்த வீதியில் எங்களுக்கு ஒரு நோயாளி இருந்தார். அலுவலகத்துக்கு வந்து நோயாளர் பட்டியலில் அவரது பெயரை வெட்டினேன். நோயாளர் பட்டியல் என் பொறுப்பு. பட்டியலைப் பார்த்து யார் எங்கே போவது என்று அட்டவணை போடுவது றாபியா ராத்தாவின் பொறுப்பு.

ஜனாஸாவுக்குப் போயிருந்தால் அது வேறு அபுல் ஹஸன் என்று தெரிந்திருக்கும். எங்கள் ஊர்களில் நோயாளி மௌத்தானால் போகாமல் இருப்பவர் இல்லை. நான் போகவில்லை.

பத்தொன்பதாம் நாள் எங்கள் அபுல் ஹஸனின் மனைவி சந்தையில் றாபியா ராத்தாவைப் பிடித்துக்கொண்டார். ஏன் புள்ள எங்கள வெட்டிட்டீங்க, பஞ்சும் துணியும் கூடக் கேட்டதுக்கா என்று. ராத்தா சந்தைப் பையோடு அப்படியே அங்கே போனார். கனகேஸ்வரி அக்காவையும் கூட்டிக்கொண்டார். புண் ஆற ஐந்து கிழமை எடுத்தது. அந்த ஐந்து கிழமையும் அவரே போனார்.

அன்று அலுவலகத்துக்கு வந்து நோயாளர் பட்டியலைப் பார்த்தார். வெட்டியிருந்த கோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வருகைக் கொப்பியை எடுத்து ஏதோ எழுதினார்.

"நீங்க ஒண்டும் எழுத வேணாம் தம்பி," என்றார். "நான் எழுதிட்டன்."

நான் என்ன எழுதினீர்கள் என்று கேட்கவில்லை. பிறகு வாசித்தேன். வாசித்தபோது ஒரு சுமை இறங்கியது போலத்தான் இருந்தது. அதைத்தான் நான் சொல்ல வேண்டும்.

கூட்டத்துக்கு மூன்று நாள் இருந்தது. மறுநாள் காலை கனகேஸ்வரி அக்கா அட்டவணைக் கொப்பியோடு வந்தபோது நிகழ்ச்சி நிரலைக் காட்டினேன். நின்றபடியே வாசித்தார். பிறகு உட்கார்ந்தார்.

"இத அவளுக்குச் சொல்லணுமா?"

"சொல்லுங்க. கொப்பியில அந்தப் பக்கத்தத்தான் காரணமாக் காட்டப்போறாங்க எண்டும் சொல்லுங்க."

"அந்தப் பக்கத்த ஆர் எழுதினதெண்டு எனக்குத் தெரியும். ஏன் எழுதினதெண்டும் தெரியும்," என்றார் அக்கா. கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தார். "நீங்க ரெண்டு பேரும் படிச்ச ஆக்கள். எனக்கென்ன. நான் இடையில போய்வாற வாய்தானே. வாய்க்குச் சம்பளமும் இல்ல."

அடுத்த நாள் பதிலோடு வந்தார்.

"அவ சொன்னது ஒரேயொரு கதைதான். எனக்கு வேல வேணும். அவ்வளவுதான்."

"வேற?"

"வேற ஒண்டுமில்ல."

"நான் என்ன செய்யணும் எண்டு சொல்லலயா?"

"தம்பி," என்றார் அக்கா, "ரெண்டு குமர்ப் புள்ளைகளோட இருக்கிற பொம்புள. உங்களுக்குப் பாடமும் எடுக்கணுமா அவ?"

அன்று பின்னேரம் சாய்ந்தமருதுக்குப் போனேன்.

அபுல் ஹஸன் வாசலை ஒட்டிய கட்டிலில் படுத்திருந்தார். ஐம்பது வயது. கரையில் தோணியை இழுத்து ஏற்றும்போது அது சரிந்து முதுகில் விழுந்து ஆறு வருடம். பட்டியலில் அவரது பெயரை நான் மறுபடி எழுதியிருந்தேன். வீட்டுக்கு ஒரு நாளும் வந்ததில்லை.

"வாங்க மெனேஜர் சேர். அதிசயமா இரிக்கி. நான் திரும்பவும் மௌத்தாகிட்டனா?"

அவரது மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "சும்மா இரிங்க," என்றார். எனக்குக் கதிரை போட்டார்.

"உங்கட பேர வெட்டினது றாபியா ராத்தா இல்ல," என்றேன். "நான்."

அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். "ஸ்பீக்கர்ல கேட்டா?"

"ஓம்."

"முழுசாக் கேக்கல்ல."

"இல்ல."

"கேட்டிருந்தாத் தெரிஞ்சிருக்கும். பொண்டாட்டிட பேர், மக்கள்ற பேர் எல்லாம் சொன்னானே. அவன் என்ட சாச்சாட மகன். எங்க ரெண்டு பேருக்கும் வாப்பாட வாப்பாட பேர வெச்சிட்டானுகள். சின்னதில இருந்து இதே கூத்துத்தான். அவன் மாங்காய் களவெடுத்ததுக்கு எனக்கு அடி. நான் பெயிலானதுக்கு அவனுக்கு அடி." சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "ஜனாஸாக்குப் போயிருந்தாலும் தெரிஞ்சிருக்குமே. போகல்லயா?"

"இல்ல."

"ஏன்?"

"என்ட மனைவி மௌத்தாகி மூணு கிழமை. ஜனாஸா, மையவாடி எண்டு ஒரு பக்கமும் போக ஏலாம இருந்த."

அவர் முகட்டைப் பார்த்தார்.

"நானும் போகல்ல," என்றார்.

மனைவி தேத்தண்ணியோடு வந்து நின்றார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார். "அப்ப அந்தப் புள்ளைய நான் சந்தையில வெச்சு ஏசினது? மீன்காரன், மரக்கறிக்காரன் எல்லாரும் பாத்துக்கு நிண்டானுகள். ஒரு வார்த்த பேசல்லயே அவ. தலையக் குனிஞ்சிக்கு நிண்டா."

நான் கோப்பையை வாங்கிக்கொண்டேன்.

"என்னட்டச் சொல்லி என்ன புண்ணியம்?" என்றார் அபுல் ஹஸன். "நான் எழும்பி மீட்டிங்குக்கு வாற ஆளா? தேத்தண்ணியக் குடிச்சிட்டுச் சொல்ற இடத்தில போய்ச் சொல்லுங்க."

கூட்டம் சனிக்கிழமை பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு. எப்போதும் அப்படித்தான். பொழுதுபடும்போது மஃரிப் பாங்கோடு முடிந்துவிடும் என்பது கணக்கு. ஐந்து பேரும் வந்திருந்தார்கள்: ஸலாஹுதீன் சேர், பாண்டிருப்பிலிருந்து ஓய்வுபெற்ற தபாலதிபர் கனகரெத்தினம் ஐயா, ஒரு டொக்டர், ஒரு புடவை முதலாளி, கூட்டங்களில் ஒன்றும் பேசாத ஒரு சட்டத்தரணி. ரோல்ஸும் நெஸ்கபேயும் வைத்தோம். குறிப்பு எழுதுவது என் வேலை.

முதல் விடயம் போன கூட்டத்தின் குறிப்பு. இரண்டாவது வருடாந்த அறிக்கையின் அட்டைப் படம். மூன்றாவது தொண்டர்களுக்கு ரீசேர்ட். இதற்கு நாற்பது நிமிடம் போனது. பச்சை என்றால் ஒரு பக்கத்துக்கு, காவி என்றால் மறுபக்கத்துக்கு, நீலம் என்றால் ஒரு கட்சிக்கு, சிவப்பு என்றால் இன்னொரு கட்சிக்கு. கடைசியில் சாம்பல் நிறம் என்று முடிவாயிற்று. மாநகர சபைக் குப்பை வண்டிக்காரர் என்று நினைத்துச் சனம் குப்பையைக் கொண்டுவந்து கொடுக்கும் என்றார் கனகரெத்தினம் ஐயா. அதையும் குறிப்பில் எழுதட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்கள்.

"விடயம் நாலு," என்றார் சேர். சுருக்கமாகச் சொன்னார். இத்தாவைக் குறைசொல்லவில்லை என்று இரண்டு தரம் சொன்னார். பிறகு, "ஸஹீத், அந்தப் பக்கத்த எல்லாருக்கும் வாசிங்க," என்றார்.

நான் கொப்பியைத் திறந்து வாசித்தேன். பத்தொன்பது நாட்களாக யாரும் போகவில்லை. முதுகில் புண். அட்டவணை போட்டதில் என் பிழை. றாபியா.

டொக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

"இது உண்மையில்ல," என்றேன்.

"எது?" என்றார் சேர்.

"கடைசி வரி. அட்டவணையில பிழை இல்ல. நோயாளர் பட்டியல்ல அவர்ட பேர நான் வெட்டினன். ஸ்பீக்கர்ல பேரக் கேட்டுட்டு, அவர் மௌத்தாகிட்டார் எண்டு வெட்டினன். பட்டியல்ல இல்லாத ஆளுக்கு அவ எப்பிடி ஆள் போடுற? அவ கண்டுபிடிச்சா, அவ போய்ப் புண்ணக் கழுவினா, அவ தன்ட பேர எழுதினா. நான் பாத்துக்கு இருந்தன்."

கீழே மருந்துக்கடையில் யாரோ இருமினார்கள்.

கனகரெத்தினம் ஐயாதான் முதலில் கேட்டார். "தம்பி, நோயாளிட பேர வெட்டுறதுக்கு ஒரு முறை இருக்கெல்லா?"

"ஓம் ஐயா. வீட்டுக்குப் போய்ப் பாத்து, வீட்டாரிட்ட ஒப்பம் வாங்கணும்."

"போனீங்களா?"

"இல்ல."

"ஒப்பம்?"

"இல்ல."

"அந்த முறைய எழுதினது ஆர்?"

"நான்தான்."

ஐயா தலையாட்டினார். வேறு கேட்கவில்லை.

"எட்டு ஒம்பது மாசம்," என்றார் ஸலாஹுதீன் சேர். அவரது முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. "ஏன் வாய் திறக்கல்ல நீங்க?"

"அவ எழுதிட்டா சேர். எனக்கு லேசா இருந்த."

"நாலாம் நாள் வந்த மனிசன் எண்டு நான் ஊரெல்லாம் சொல்லிக்கு..."

"வந்தன் சேர். கதிரையில இருந்தன். வேலையச் செய்தது அவ. நான் வந்த முதல் நாலு மாசமும் தொண்டரோட கதைச்சதும் அவதான், நான் மறந்த கூட்டங்களுக்குப் போனதும் அவதான். என்ட மேசையில இருந்த கடிதங்களுக்கு அவதான் பதில் எழுதி, ஒப்பத்துக்கு மட்டும் என்னட்டத் தந்தா. நான் வாசிக்காம வெச்சன்."

புடவை முதலாளி கையை வீசினார். "மனுசி மௌத்தான நேரம் ஒரு மனிசன் விட்ட பிழை. இதப் போய்ப் பெருசாக்கிக்கு. விடுங்க சேர்."

"விடலாம்," என்றார் டொக்டர். அதுவரை தொலைபேசியைத் தடவிக்கொண்டிருந்தவர் அதைக் கவிழ்த்து வைத்தார். "ஆனா ஒரு நிமிசம். இவருக்கு மனுசி மௌத்து, பிழை விட்டார், விடுங்க எண்டு சொல்றம். அவவுக்குப் புருசன் மௌத்து, பிழையும் விடல்ல, வேலைய எடுப்பம் எண்டு சொல்றம். இத நான் என்ட வீட்டில போய்ச் சொன்னா எனக்குச் சோறு கிடைக்காது."

சட்டத்தரணி சிரித்தார். அவர் சிரித்து நான் கண்டதில்லை.

"இப்ப அட்டவணைய ஆர் போடுற?" என்று ஐயா கேட்டார்.

அதையும் சொன்னேன். கனகேஸ்வரி அக்கா காலையில் மருதமுனைக்குப் போவது, கேட்டு எழுதுவது, பதிவு அனுப்புவது. ஏழு கிழமையாக ஒரு வீடும் விடுபடவில்லை என்று.

"எங்கட கனகேஸ்வரியா?" என்றார் ஐயா. "அவ என்ட வீட்டுக்கு முன்னாலதான் ஒவ்வொரு நாளும் நடந்து போறா. நான் நடைப்பயிற்சி எண்டல்லோ நினைச்ச."

சேர் நீண்ட நேரம் பேனையை மூடித் திறந்துகொண்டிருந்தார். கெட்ட மனிதர் அல்ல. தன் வாயால் சொன்னதைத் தன் வாயாலேயே திருப்பி எடுப்பது அவருக்குக் கஷ்டம், அவ்வளவுதான். கடைசியில் சொல்லத் தொடங்கினார். நான் எழுதினேன்.

றாபியா தொண்டர் இணைப்பாளராகத் தொடர்வார். இத்தா முடியும்வரை சம்பளத்தோடு விடுமுறை. அதுவரை கனகேஸ்வரி பதில் இணைப்பாளர், அவருக்கு ஒரு கொடுப்பனவு. நோயாளர் பட்டியல் முகாமையாளரிடமிருந்து எடுக்கப்பட்டுத் தாதியிடம் கொடுக்கப்படும். முகாமையாளரின் வேலையை மூன்று மாதம் அவதானித்த பிறகு அவரைப் பற்றித் தீர்மானிக்கப்படும்.

"காரணம் எழுதணுமே," என்றார் சேர். "முகாமையாளர் ஒரு நோயாளியின் பெயரைத் தவறுதலாக நீக்கியதால் எண்டு போடுங்க."

"தவறுதலாக இல்ல சேர்."

"பின்ன?"

"போய்ப் பாக்காம."

சேர் என்னைப் பார்த்தார். "உங்கட இஸ்டம்," என்றார்.

நேரில் சென்று பார்க்காமல் நீக்கியதால் என்று எழுதினேன்.

மனைவியை இழந்த ஊழியருக்கும் விடுமுறை வேண்டும், மூன்று நாள் போதாது என்று டொக்டர் ஐந்தாவது விடயத்தைத் தொடங்கினார். எத்தனை நாள் என்பதில் இழுபறி. முதலாளி ஒரு கிழமை என்றார், ஐயா தங்கள் முறைப்படி முப்பத்தொரு நாள் என்றார். பாங்கு ஒலித்தது. எழும்பிவிட்டார்கள். அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது என்று எழுதினேன். சேர் படியிறங்கும்போது என் தோளில் கை வைக்கவில்லை. கீழ்ப்படியில் நின்று, திரும்பாமலே, "வீட்டில இருந்திருக்கலாமே, ஸஹீத்," என்றார்.

"வீட்டில இருக்க ஏலாது சேர்."

அவர் போய்விட்டார்.

நான் தொழுதுவிட்டு வந்து கோப்பைகளைக் கழுவி வைத்தேன். கனகேஸ்வரி அக்காவின் அழைப்பு வந்தது.

"நான் மருதமுனையில நிக்கிறன். அவள்ட அறைத் திரைக்கு இஞ்சால. என்ன முடிவு?"

"வேலை இருக்கு எண்டு சொல்லுங்க. சம்பளமும் இருக்கு. இத்தா முடிஞ்சு வரட்டும்."

அக்கா தொலைபேசியை வாயிலிருந்து எடுத்து யாருக்கோ சொல்வது கேட்டது. பதில் கேட்கவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும். பிறகு அக்கா மூக்கை உறிஞ்சினார், அக்காதானா என்று நிச்சயமில்லை.

"உங்கட வேல எப்பிடி எண்டு கேக்கிறா."

"மூணு மாசம் பாப்பாங்களாம்."

அதையும் சொன்னார்.

"உங்களுக்கும் பதவி தந்திருக்காங்க அக்கா," என்றேன். "பதில் இணைப்பாளர். வாய்க்குச் சம்பளம் வந்திட்டு."

"அத நாளைக்குக் கதைப்பம். நாளைக்கு நற்பிட்டிமுனைக்கு ஆள் இல்ல. கிசோக்குக்குக் காய்ச்சல். அந்த மாமிக்காரிட வீடு. உங்களுக்கு மீசை இல்லதானே, ராத்தா உங்களப் போடச் சொல்லியிருக்கா."

"இப்பவா சொன்னா?"

"இல்ல, காலையில. உங்கட மீட்டிங்குக்கு முன்னமே கொப்பியில எழுதியாச்சு. என்ட கையாலதான் எழுதின."

நான் மேசையில் உட்கார்ந்தேன். முகாமையாளர் வீடுகளுக்குப் போவதில்லை. போக வேண்டாம் என்று எந்த முறையிலும் எழுதியிருக்கவில்லை.

"எத்தன மணிக்கு?" என்று கேட்டேன்.

"ஏழரைக்கு. ஆள் நல்ல பாரம், ரெண்டு பேர் சேந்துதான் புரட்டணும். நிதர்சன் வருவான். பிந்த வேணாமாம்."